லாக் புத்தகமும் கைபேசியும்: ஒரு பிளஸ் டூ மாணவியின் வேதியியல் படிப்பு

காலாண்டுத் தேர்வு விடைத்தாளில், ஒரு இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அவள் இப்படி எழுதியிருந்தாள்: "ஹாலஜன்களில் எலக்ட்ரான் நாட்டம் அதிகம் உள்ளது ஃப்ளூரின். ஏனெனில் அதுவே மிகச் சிறிய அணு."

தவறான விடை. எலக்ட்ரான் நாட்டத்தில், அதாவது தனி அணு ஒன்று ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவிடும் ஆற்றலில், குளோரின்தான் முதலில் நிற்கிறது. குளோரினுக்கு மோலுக்குச் சுமார் 349 கிலோஜூல், ஃப்ளூரினுக்கு 328. ஃப்ளூரின் அணு அவ்வளவு சிறியது என்பதாலேயே அங்கே எலக்ட்ரான்கள் ஏற்கெனவே இடித்துக்கொண்டு இருக்கின்றன. புதிதாக ஒன்று வந்தால் தள்ளிவிடப் பார்க்கும். இந்தத் தவறு எல்லா வருடமும் என் வகுப்பில் நாலைந்து தாள்களில் வரும், சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். இவள் மட்டும் தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"மிஸ், நான் மனப்பாடம் பண்ணி எழுதல. ஆப்ல பார்த்துட்டுதான் எழுதுனேன். ஃப்ளூரின்தான் அதிகம்னு போட்டிருக்கு."

மறுநாள் அப்பாவின் கைபேசியைக் கேட்டு வாங்கி வந்து காட்டினாள். தனிம வரிசை அட்டவணைச் செயலி. கட்டங்கள் ஒவ்வொன்றும் நிறம் மாறி மாறி அழகாக இருந்தன. அவள் திறந்த பக்கத்தில் ஃப்ளூரின் கட்டம்தான் எல்லாவற்றையும்விட அடர்ந்த நிறத்தில் இருந்தது, 3.98 என்ற எண்ணுடன். அது எலக்ட்ரோநெகட்டிவிட்டி பக்கம். தமிழில் நாம் எலக்ட்ரான் கவர்தன்மை என்று படிப்பது; பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறன். எலக்ட்ரான் நாட்டத்துக்கு, அதாவது எலக்ட்ரான் அஃபினிட்டிக்கு, அதே செயலியில் தனிப் பக்கம் இருந்தது. அங்கே குளோரின்தான் முதலிடம். செயலியில் பிழை எதுவும் இல்லை. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை, ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் செயலியைத் திறந்து, எலக்ட்ரான் என்று தொடங்கிய முதல் சொல்லைத் தொட்டுவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

அந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கி மார்ச் மாதம் வரை அவள் படித்த விதத்தைக் கவனித்து வந்தேன், நோட்டில் குறித்தும் வைத்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்தே இதை எழுதுகிறேன். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுப்பவள். மாணவியின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. "எழுதுங்க மிஸ், மத்த பிள்ளைங்களுக்கு உதவட்டும்" என்று அவளும் அவள் அம்மாவும் சொன்ன பிறகே எழுத உட்கார்ந்தேன்.

அவள் கையில் இருந்தவை

தாளில்: அரசு கொடுத்த பாடநூல் இரண்டு தொகுதிகள். பெரியம்மா மகன் படித்து முடித்துக் கொடுத்த கைடு ஒன்று, பாடத்திட்டம் மாறுவதற்கு முந்தையது. பிளஸ் ஒன்னில் வாங்கிய கிளார்க்ஸ் டேபிள், அதாவது நாம் லாக் புத்தகம் என்று சொல்வது. வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அதன் முதுகு மடியாமல் இருந்தது; திறந்ததே இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

கைபேசியில்: மேலே சொன்ன அட்டவணைச் செயலி, நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் வினாடி வினாச் செயலி, மூலக்கூறுகளைச் சுழற்றிப் பார்க்கும் செயலி, அலகு மாற்றும் செயலி, கால்குலேட்டர், பாடநூலின் பிடிஎஃப், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த குறிப்புகள். கைபேசி அப்பாவுடையது. அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரவு எட்டரைக்கு அவள் கைக்கு வரும், பத்தரைக்குத் திரும்பப் போகும். அதனால் அவளுக்கு வேதியியல் என்றாலே அந்த இரண்டு மணி நேரம்தான் என்று ஆகிவிட்டிருந்தது. மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து எட்டரை வரை மற்ற பாடங்களைப் படிப்பாள். வேதியியல் கைபேசிக்காகக் காத்திருக்கும். என்னை மிகவும் வருத்தியது இதுதான். பாடநூல் ஐந்து மணியிலிருந்தே அவள் பக்கத்தில்தான் கிடந்தது.

ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது

"எப்பவும் எப்படிப் படிப்பியோ அப்படியே படிம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தில் உட்கார வைத்தேன்.

அணைவு வேதியியல் பாடத்துக்கு, அதாவது ஓர் உலோக அயனியைச் சுற்றி வேறு அயனிகளோ மூலக்கூறுகளோ இணைந்த சேர்மங்களைப் பற்றிய பாடத்துக்கு, வினாடி வினாவைத் திறந்தாள். கட்டைவிரல் பறந்தது. 20 கேள்விகளில் 17 சரி. பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடின் ஐயூபிஏசி (வேதியியலில் பெயர்களுக்கும் அளவுகளுக்கும் விதி வகுக்கும் உலக அமைப்பு) பெயர் என்ன என்று ஒரு கேள்வி வந்தது. நான்கு பெயர்களில் சரியானதைத் தயங்காமல் தொட்டாள். கைபேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளைத் தாளைக் கொடுத்து, "இப்ப தொட்ட பெயரை எழுது" என்றேன். "பொட்டாசியம் ஹெக்சாசயனிடோ" வரை வந்து பேனா நின்றது. இரும்பா, ஃபெர்ரேட்டா? ஆக்சிஜனேற்ற எண் இரண்டா, மூன்றா? கணக்குப் போட்டால் வந்துவிடும்: நான்கு பொட்டாசியம், ஆறு சயனைடு, மீதி இரும்புக்கு இரண்டு. அந்தக் கணக்கை அவள் ஒருமுறைகூடப் போட்டதில்லை. நான்கு பெயர்கள் கண்ணெதிரே இருக்கும்போது போட வேண்டிய தேவையும் வரவில்லை.

நம் பொதுத்தேர்வுத் தாளை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். அதில் 15 மட்டும்தான் விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் கேள்விகள். மீதி 55-ம் வெள்ளைத் தாளில் அவளே எழுத வேண்டியவை. காலாண்டில் அந்த 15-க்கு 13 வாங்கியிருந்தாள். சரிந்ததெல்லாம் எழுதும் பகுதியில். ஒரு மதிப்பெண்ணில் முன்னணியில் நிற்கும் பிள்ளை ஐந்து மதிப்பெண்ணில் பாதியில் நிறுத்துகிறாள் என்றால், அவள் சோம்பேறி என்றோ மந்தம் என்றோ யாரும் சொல்லிவிட வேண்டாம். அவள் எதைப் பழகினாளோ அது அவளுக்கு வந்திருக்கிறது.

என் முதல் மருந்து பலிக்கவில்லை

நான் உடனே செய்தது, இரண்டு வாரம் கைபேசியைத் தொடாதே என்று சொன்னதுதான். பெரும்பாலான ஆசிரியர்கள் இதைத்தான் சொல்வோம். பெயரிடுதல் சரியானது, சமன்பாடுகள் கொஞ்சம் தேறின. திட நிலைமை பாடம் மட்டும் முன்னிலும் மோசமானது.

முகப்பு மைய கனசதுரத்தில் (மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணு இருப்பது) ஆறு அணுக்களுக்கு நடுவே வரும் எண்முகி வெற்றிடம் எத்தனை, நான்கு அணுக்களுக்கு நடுவே வரும் நான்முகி வெற்றிடம் எத்தனை என்ற கேள்விக்கு நான்கு, எட்டு என்பது விடை. அவள் எட்டு, நான்கு என்று மாற்றி எழுதினாள். திருத்திச் சொன்னேன். அடுத்த வாரமும் மாற்றியே எழுதினாள். எண்முகி என்ற சொல்லில் எட்டு இருக்கிறது, நான்முகி என்ற சொல்லில் நான்கு இருக்கிறது. மனப்பாடம் செய்கிறவரை அந்தப் பெயர்களே தவறான பக்கம் இழுக்கும். பாடநூலில் படம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றன் மேல் ஒன்றாக உருண்டைகள் மறைத்துக்கொண்டிருக்கும் தட்டையான படத்தில், உள்ளே இருக்கும் வெற்றிடத்தைக் காண்பதற்கு ஏற்கெனவே பழகிய கண் வேண்டும். எனக்கு 20 வருடப் பழக்கம் இருப்பதால் அது தெரிகிறது. அவளுக்குத் தெரியவில்லை.

கைபேசியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். மூலக்கூறு செயலியில் அந்தக் கனசதுரத்தைத் திறந்து, உருண்டைகளைச் சிறிதாக்கி, மெல்லச் சுழற்றினாள். "இதை எட்டுச் சின்ன கனசதுரமா வெட்டுறதா நினைச்சுக்கோ" என்றேன். ஒவ்வொரு சின்னக் கனசதுரத்திலும் நான்கு மூலைகளில் அணு இருக்கிறது, நான்கு மூலைகள் காலி. அந்த நான்கு அணுக்களுக்கு நடுவில் ஓர் இடம். விரலால் திருப்பித் திருப்பி எண்ணினாள். எட்டு. பிறகு எண்முகி: நட்ட நடுவில் ஒன்று, பன்னிரண்டு விளிம்புகளின் நடுவிலும் ஒவ்வொன்று, ஆனால் விளிம்பில் இருப்பதை நான்கு கனசதுரங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. பன்னிரண்டில் கால் பங்கு மூன்று, நடுவில் ஒன்று, ஆக நான்கு. அதன்பிறகு இந்த விடையை அவள் மாற்றி எழுதவில்லை.

அணைவுச் சேர்மங்களின் மாற்றியங்களும் (அதே அணுக்கள், வேறு அடுக்கு) அப்படித்தான். ஒரு கோபால்ட் அயனியைச் சுற்றி இரண்டு எத்திலீன் டைஅமீன், இரண்டு குளோரைடு. குளோரைடுகள் எதிரெதிரே நின்றால் டிரான்ஸ், பக்கத்தில் நின்றால் சிஸ். சிஸ் வடிவத்துக்கு ஒளிச்சுழற்சி (முனைவுற்ற ஒளியின் தளத்தைத் திருப்பும் தன்மை) உண்டு, டிரான்ஸுக்கு இல்லை என்று புத்தகம் சொல்கிறது. ஏன் என்று வகுப்பில் நான் பலகையில் வரைந்து சொன்னபோது தலையாட்டியவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்பது எனக்கு நெடுநாள் கவலை. அன்று அவள் சிஸ் வடிவத்தையும் அதன் ஆடி பிம்பத்தையும் திரையில் மாற்றி மாற்றிச் சுழற்றினாள். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு தலைநிமிர்ந்து, "மிஸ், எப்படித் திருப்பினாலும் இது ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காரவே மாட்டேங்குது" என்றாள். அவள் சொன்ன அந்த வாக்கியம்தான் ஒளிச்சுழற்சி மாற்றியத்தின் இலக்கணம். ஆல்ஃபிரட் வெர்னர் 1911-ல் கோபால்ட் அணைவுகளில் இத்தகைய மாற்றியங்களைப் பிரித்துக் காட்டினார். 1913-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் காட்டியதை எங்கள் ஆய்வக பெஞ்சில் ஒரு பிள்ளை தன் விரல் நுனியில் பார்த்தாள். கைபேசியே வேண்டாம் என்று சொல்லும் ஆசிரிய நண்பர்களிடம் இந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் முன்வைப்பேன்.

இதற்குத் திரைதான் வேண்டும் என்றும் இல்லை. 1874-ல் வான்ட் ஹாஃப் கார்பனின் நான்முகி வடிவத்தைச் சொன்னபோது, அட்டையை வெட்டி ஒட்டிச் சிறு உருவங்கள் செய்து சக அறிஞர்களுக்கு அனுப்பினார். கையில் திருப்பிப் பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும், அதுதான் விஷயம். ஆய்வகத்தில் மாதிரிப் பெட்டி இல்லாத பள்ளியில் அந்த வேலையைக் கைபேசி செய்கிறது.

ஆனால் பார்த்து முடித்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு வடிவங்களையும் தாளில் வரைய வேண்டும் என்று ஒரே ஒரு விதி வைத்தேன். முதல் முறை வரைந்தபோது எத்திலீன் டைஅமீனின் வளைவை எதிரெதிர் மூலைகளுக்கு இழுத்துவிட்டாள். அவ்வளவு தூரம் அந்த மூலக்கூறு நீளாது. மூன்றாவது தடவையில் சரியாக வந்தது. வரையும்போதுதான் எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று தெரிகிறது. திரையில் சுழலும்போது எல்லாமே தெரிந்ததுபோல இருக்கும்.

எண்கள் எங்கிருந்து வந்தன

அவளுடைய கணக்குகளைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. முறை சரி, விடை மட்டும் கொஞ்சம் தள்ளி வந்தது. மின்பகுத்தல் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 9650 கூலூம் மின்னூட்டம் செலுத்தினால் திட்ட நிலையில் எத்தனை லிட்டர் குளோரின் வெளிவரும்? 96500-ஆல் வகுத்தால் 0.1 ஃபாரடே (ஒரு ஃபாரடே என்பது ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டம்). ஒரு மோல் குளோரினுக்கு இரண்டு ஃபாரடே வேண்டும், ஆக 0.05 மோல். 22.4-ஆல் பெருக்கினால் 1.12 லிட்டர். வாய்க்கணக்காகவே போடலாம்.

அவள் விடை 1.135. அலகு மாற்றும் செயலி ஒரு மோல் வாயுவின் பருமனை 22.71 என்று கொடுத்திருந்தது. அதுவும் சரியான எண்தான்: 1 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் 22.4, 1 பார் அழுத்தத்தில் 22.7. ஐயூபிஏசி 1982-ல் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியது. ஆனால் வகுப்பில் நாங்கள் போட்ட கணக்குகள் 1 அட்மாஸ்பியரை வைத்து 22.4-ல் அமைந்தவை. இதே மாதிரி ஃபாரடேவுக்குச் செயலி 96485 என்கிறது. கால்குலேட்டர் இல்லாத தேர்வறையில் அதை வைத்து வகுக்க உட்கார்ந்தால் நேரம் போய்விடும். குளோரினின் அணு நிறை செயலியில் 35.45, எங்கள் கணக்குகளில் 35.5. தாமிரம் அங்கே 63.546, இங்கே 63.5. நுட்பமான எண் நல்ல எண்தான். ஆனால் எந்தக் கணக்கை எந்த எண்ணை வைத்து அமைத்தார்கள் என்று தெரியாமல், ஒன்றை அங்கிருந்தும் ஒன்றை இங்கிருந்தும் எடுத்தால் விடை இரண்டுக்கும் நடுவே தொங்கும்.

இதில் தாளை மட்டும் நல்ல பிள்ளையாக்கிவிட முடியாது. பெரியம்மா மகன் கொடுத்த கைடில் வெப்ப இயக்கவியலின் முதல் விதி பழைய வழக்கப்படி, வெப்பத்திலிருந்து வேலையைக் கழித்து எழுதப்பட்டிருந்தது. இப்போதைய பாடநூல் ஐயூபிஏசி வழக்கப்படி இரண்டையும் கூட்டுகிறது. அமைப்பின் மீது செய்யப்படும் வேலையை நேர்க்குறியாக எடுப்பதால் அப்படி. இரண்டுமே சரி, சேர்த்துக் குழப்பினால் இரண்டும் தப்பு. கைடில் பெரிய எழுத்தில் கட்டம் போட்டு அச்சடித்திருந்ததால் அவள் அதையே நம்பினாள். எங்கள் ஆய்வகச் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணை அதைவிடப் பழையது. 113-வது கட்டத்தில் உன்உன்ட்ரியம் என்று இருக்கிறது. அதற்கு நிஹோனியம் என்றும், 115-க்கு மாஸ்கோவியம், 117-க்கு டென்னசின், 118-க்கு ஓகனெசான் என்றும் 2016 நவம்பரிலேயே பெயர் வைத்தாகிவிட்டது. செயலியில் நான்கும் சரியாக இருந்தன. தினமும் அந்தச் சார்ட்டின் கீழ் நின்று பாடம் எடுத்த எனக்கு, அவள் கைபேசியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை அது உறைக்கவில்லை.

லாக் புத்தகம்

அரையாண்டுக்கு முன் அயனிச் சமநிலை வந்தது. அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. அதன் பிகேஏ மதிப்பு, அதாவது அந்த மாறிலியின் லாக்கை மைனஸ் குறியோடு எடுத்தது, கேட்டால் அவள் கைபேசிக் கால்குலேட்டரில் தட்டி 4.7447 என்று சொல்லிவிடுவாள். "அந்த 4 எங்கிருந்து வந்தது?" என்றேன். "கால்குலேட்டர்ல வந்துச்சு மிஸ்."

லாக் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். அது 1.8 × 10⁻⁵ என்ற எண்ணை அப்படியே விழுங்காது. முதலில் இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பத்தின் அடுக்கு மைனஸ் 5, அதை நீயே வைத்துக்கொள். 1.8-க்கு மட்டும் 18 என்ற வரிசையில், பூஜ்யம் என்ற நிரலில் விரலை வைத்தால் 2553. அதாவது 0.2553. ஐந்திலிருந்து அதைக் கழித்தால் 4.7447. கைபேசி கொடுத்த அதே எண். ஆனால் இப்போது 4 எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்: மாறிலி பத்தின் மைனஸ் ஐந்தாம் அடுக்குக்கும் மைனஸ் நான்காம் அடுக்குக்கும் இடையில் இருக்கிறது, அதனால் விடை நான்குக்கும் ஐந்துக்கும் இடையில்தான் விழுந்தாக வேண்டும்.

இதை ஒரு வாரம், தினம் ஐந்து எண்கள் வீதம் செய்ய வைத்தேன். முதல் இரண்டு நாள் எரிச்சல்பட்டாள். மூன்றாம் நாள், அசிட்டிக் அமிலமும் அதன் உப்பும் சேர்ந்த தாங்கல் கரைசலின் பிஎச் கேட்கும் கணக்கு ஒன்றில் உப்பின் செறிவு அமிலத்தைப் போலப் பத்து மடங்கு என்று படித்ததும், பேனாவை எடுக்கும் முன்பே "5.74 வரும் மிஸ்" என்றாள். சமமாக இருந்தால் 4.74, பத்து மடங்கு என்றால் ஒன்று கூடும். முதல் வகை வினையில் 99.9 சதவீதம் முடிய அரை ஆயுளைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு நேரம் ஆகும் என்று நிறுவும் கணக்கையும் அப்போதே கண்டுகொண்டாள்: ஆயிரத்தின் லாக் மூன்று, 2.303-ஐ மூன்றால் பெருக்கினால் 6.909, அதை 0.693-ஆல் வகுத்தால் பத்துக்கு ஒரு நூல் குறைவு. நீட் எழுதப் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே கால்குலேட்டரும் கிடையாது, லாக் புத்தகமும் கிடையாது; 2-க்கு 0.301, 3-க்கு 0.477 என்று நினைவில் வைத்துக்கொண்டு மதிப்பிட வேண்டியதுதான். 180 நிமிடத்தில் 180 கேள்விகள் இருக்கும் தாளில், விடை எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் விழும் என்ற உணர்வு பல இடங்களில் போதும்.

அதற்காகக் கைபேசியை ஒதுக்கவும் இல்லை. வீரியம் குறைந்த அமிலம் என்றால் என்ன என்பதை கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷனில் பார்த்தாள். குவளைக்குள் பெரும்பாலான மூலக்கூறுகள் பிரியாமல் முழுதாகவே மிதக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாக அயனிகள். ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். 1.8 × 10⁻⁵ என்ற எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு காட்சி இருக்கிறது என்று தாள் அவளுக்குச் சொல்லியிருக்காது.

கிளாஸ்கோவில் வேதியியல் கற்பித்தலை ஆராய்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டோன் 1982-ல் எழுதிய ஒரு கருத்து எனக்கு இங்கே உதவியது. வேதியியல் மூன்று தளங்களில் நடக்கிறது என்றார்: கண்ணால் காண்பது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள், நாம் எழுதும் குறியீடுகளும் சமன்பாடுகளும். தெரிந்தவர்கள் மூன்றுக்கும் இடையில் சட்டென்று தாவுகிறோம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அந்தத் தாவல்தான் கஷ்டம். என் மாணவியின் குறிப்புகளை இந்த மூன்று தளங்களாகப் பிரித்து அடுக்கினேன். கைபேசி அவளுக்கு உண்மையில் கைகொடுத்த இடங்கள் எல்லாமே துகள் தளத்தில் இருந்தன. அவள் சறுக்கியவை பெரும்பாலும் குறியீட்டுத் தளத்தில், அதையும் கைபேசியிலேயே படித்திருந்தாள்.

தாளா திரையா என்று நடந்த ஆய்வுகளும் நிறைய உண்டு. டெல்காடோவும் சக ஆய்வாளர்களும் 2018-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 2000 முதல் 2017 வரையான 54 ஆய்வுகளை, 1,70,000-க்கும் அதிகமான வாசகர்களை எடுத்துக்கொண்டது. தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள்; தகவல் சார்ந்த பாடத்தை நேர நெருக்கடியில் படிக்கும்போது வித்தியாசம் இன்னும் கூடியது. இது பத்தி பத்தியாக வாசிப்பதைப் பற்றியது. கனசதுரத்தைச் சுழற்றிப் பார்ப்பதற்கு இந்த முடிவைப் பொருத்த முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

காலண்டரின் பின்பக்கம்

கரிம வேதியியலில் அவளுக்கு ஒவ்வொரு வினையும் தனித்தனியாகத் தெரியும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தெரியாது. பென்சீனிலிருந்து ஃபீனாலுக்கு எப்படிப் போவாய் என்றால் விழிப்பாள். கைபேசித் திரையில் ஒரு நேரத்தில் ஒரு வினைதான் தெரியும். அடுத்ததைப் பார்க்க முந்தையதைத் தள்ளிவிட வேண்டும்.

டிசம்பரில் பழைய மாதக் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். நல்ல பெரிய தாள், பின்பக்கம் வெள்ளை. நடுவில் பென்சீன். அடர் நைட்ரிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்து நைட்ரோ பென்சீனுக்கு ஓர் அம்பு. வெள்ளீயமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அனிலீனுக்கு. சோடியம் நைட்ரைட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், ஆனால் 0 முதல் 5 டிகிரி செல்சியஸுக்குள், டைஅசோனியம் குளோரைடுக்கு. அங்கிருந்து கிளைகள்: நீரோடு சூடேற்றினால் ஃபீனால், குப்ரஸ் குளோரைடு சேர்த்தால் குளோரோ பென்சீன், ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் சேர்த்தால் மறுபடி பென்சீனுக்கே. டைஅசோனியத்தைச் சுற்றி நீல மையில் வட்டமிட்டு, "இங்கே ஐஸ் வேண்டும்" என்று எழுதினாள். வீட்டில் சாப்பிடும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் அதை ஒட்டினாள். தினமும் மூன்று வேளை அந்த அம்புகளைப் பார்க்க அப்பாவின் கைபேசிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கண்ணால் காணும் தளத்துக்கு ஆய்வகம்தான், அதற்கு மாற்று எதையும் நான் பார்க்கவில்லை. பெர்மாங்கனேட் தரம்பார்த்தலைத் திரையில் பலமுறை செய்து பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஆக்சாலிக் அமிலத்தைச் சூடேற்றாமல் பியூரெட்டைத் திறந்தாள். நிறம் மறையாமல் நின்று, குடுவையில் பழுப்பு தட்டியது. திரையில் அந்தத் தவறைச் செய்ய வழியே இல்லாமல் வைத்திருந்தார்கள். பிறகு 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கை பொறுக்கும் அளவு துணியால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொட்டாக விட்டாள். ஒரே ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து நின்றபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அரையாண்டில் அதே கோபால்ட் அணைவு ஐந்து மதிப்பெண்ணில் வந்தது. டிரான்ஸ், சிஸ், சிஸ்ஸின் ஆடி பிம்பம் என மூன்று வடிவங்களையும் வரைந்து, டிரான்ஸ் வடிவத்தில் சமச்சீர்த் தளத்தையும் கோடிட்டுக் காட்டி, முழு மதிப்பெண் வாங்கினாள். எழுதும் பகுதியில் பாதியில் நின்ற விடைகள் இரண்டே இரண்டு. திருப்புதல் தேர்வுகளில் அதுவும் இல்லை. இது ஒரே ஒரு பிள்ளையின் கதை. நான் வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்ததற்கும் இதில் பங்கு இருக்கும். ஆனால் விடைத்தாள்கள் என்னிடம் இருக்கின்றன, எந்த வாரம் எது மாறியது என்று தேதியோடு குறிப்பும் இருக்கிறது.

லாக் புத்தகத்தின் உள்ளட்டையில் அவள் தன் கையெழுத்தில் ஒரு சிறு பட்டியல் எழுதியிருந்தாள்: 22.4, 96500, 35.5, 63.5, லாக் 2, லாக் 3, அசிட்டிக் அமிலம் 4.74. அடியில், "கேள்வியில் வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான்." பக்கத்தில் இன்னொரு வரி: "கவர்தன்மை ஃப்ளூரின், நாட்டம் குளோரின்."

செய்முறைத் தேர்வு முடிந்த மறுநாள் அவளும் இன்னும் மூன்று பேரும் ஆய்வகத்துக்கு வந்து, ஏணி போட்டு ஏறி, சுவர்ச் சார்ட்டில் நான்கு கட்டங்களின் மேல் வெள்ளைத் தாள் துண்டுகளை ஒட்டினார்கள். நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசான், எல்லாம் தமிழில். கீழே நின்ற ஒருத்தி கைபேசியைப் பார்த்து எழுத்துக்கூட்டிச் சொன்னாள். இறங்கும்போது என் மாணவி இட்ரியத்துக்குக் கீழே விரலை வைத்து, "மிஸ், இங்க சார்ட்ல லாந்தனம் இருக்கு, ஆப்ல லுட்டீசியம் இருக்கு. எது சரி?" என்று கேட்டாள். ஐயூபிஏசியின் 2021 அறிக்கை லுட்டீசியம் பக்கம் சாய்கிறது, அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். அந்தக் கட்டத்தில் தாள் ஒட்டாமல், ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டுவிட்டு இறங்கினாள்.